வளையல் போட்ட கை

மாமா, எங்க வீட்டுக்காரரோட அப்பா, எனக்குத் தலையணை கொண்டுவந்து குடுத்திருக்காரு. கூட்டத்துக்குத் தலைமை தாங்க வந்த மனுஷன், வெள்ளை வேட்டி சட்டையோட காரை விட்டு இறங்கும்போதே அக்குள்ள ஒரு தலையணையை இடுக்கிக்கிட்டு இறங்கி, "மங்கை, இந்த இரும்பு நாக்காலி முதுகைக் குத்தும், இதைச் சாத்தி உக்காரும்மா"ன்னு அத்தனை பேர் முன்னாடியும் நீட்டினாரு. பொம்பளைங்க எல்லாம் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க, குடுத்து வெச்சவ நீங்கிற மாதிரி. குடுத்து வெச்சவதான், யாரு இல்லேன்னா. பெத்த அப்பாகூட என்னை இப்படித் தாங்கினதில்லை. அதுதான் பயமா இருக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல இந்தத் தலையணையில சாஞ்சுக்கிட்டே இவருக்கு எதிரா நான் கை தூக்கணும். தூக்குவேனா? காலையில பல்லு வெளக்கும்போது தூக்குவேன்னு இருந்துச்சு. அப்புறம் மாமா மாதுளம்பழத்தை உரிச்சு, முத்து முத்தா கிண்ணத்துல போட்டு, ஸ்பூனோட கொண்டுவந்து வெச்சப்ப என்னவோ போல ஆயிடுச்சு. இப்போ சத்தியமாத் தெரியலை.

எங்க பள்ளிக்கூடத்துல ஆணுறைப் பெட்டி வைக்கலாமா வேண்டாமா, இதுதான் இன்னிக்குப் பேச்சு. ஆணுறை. மனசுக்குள்ள முழுசா ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கறேன். இவ்வளவு நேரமாச்சு, இந்த ஹால்ல ஒருத்தர் வாயிலேருந்தும் அந்த வார்த்தை வரலை. அது, அந்தச் சமாச்சாரம், மேற்படி, கண்றாவி. ஹெச்.எம். பூங்கோதை மேடம் வரவேற்புரையில 'சில சுகாதாரப் பொருட்கள்'னு சொல்லிட்டு உடனே தண்ணி குடிச்சாங்க. நான் விலங்கியல் டீச்சர். எட்டு முடிஞ்சு ஒன்பதாம் மாசம் நடக்குது. இம்மாம் பெரிய வயித்தோட இவங்க நடுவுல உக்காந்திருக்கேன், இது எப்படி வந்துச்சுன்னு யாருக்குமே தெரியாத மாதிரி எல்லாரும் ஃபேனைப் பாத்துப் பேசிக்கிட்டிருக்காங்க. சிரிப்பா வருது. சிரிச்சா குலுங்கும், குலுங்கினா வளையல் சத்தம் வரும், அதனால அடக்கிக்கறேன். வெளியில மழை வர்றதுக்கு முந்தின வெளிச்சம், மஞ்சளா, எல்லார் மூஞ்சியும் மஞ்சள் தேய்ச்ச மாதிரி இருக்கு. துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்திட்டாங்க. எந்தப் படகும் கடலுக்குப் போவலை. அதான் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்கு இத்தனை ஆம்பளைங்க. மத்த நாள்ல தேடினாலும் ரெண்டு பேர் கெடைக்க மாட்டாங்க.

தூக்கம் தூக்கமா வருது. மதியம் எலுமிச்சை சாதம் சாப்பிட்டது, வயித்துக்கும் நெஞ்சுக்கும் நடுவுல எங்கயோ நிக்குது. உள்ள இருக்கிறது முழங்காலை மடக்கி விலாவுல ஒரு உந்து உந்துது. இருடா. இருடி. யாரா இருந்தாலும் சித்த சும்மா இரு, தாத்தா பேசறாரு. மைக்ல வர்ற குரல் தண்ணிக்குள்ள முங்கிக் கேக்கற மாதிரி கேக்குது. உனக்கும் இப்படித்தான் கேக்குமோ? வளையல் சத்தம் மட்டும் உனக்குத் தெளிவாக் கேக்கும்னு சொல்லித்தான் வளைகாப்புல ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் மாட்டிவிட்டாங்க. முதல்ல வேப்பிலைக் காப்பு, அப்புறம் பச்சை, சிவப்பு, தங்கக் கோடு போட்டது. பிரசவம் ஆவற வரைக்கும் கழட்டக் கூடாது, ஒண்ணுகூட உடையக் கூடாது. ராத்திரி புரண்டு படுத்தா சத்தம், கரும்பலகையில எழுதினா சத்தம், மூக்கைச் சொறிஞ்சா சத்தம். பசங்களுக்கு ஒரே கொண்டாட்டம், நான் வராண்டா முனையில வரும்போதே உஷாராயிடறானுங்க. இங்க கூட்டத்துலயும் அப்படித்தான், நான் கையை லேசா அசைச்சதும் மாமா பேச்சை நிறுத்திட்டு என்னைப் பாத்தாரு, என்னம்மா தண்ணி வேணுமான்னு. வேண்டாம் மாமா. அதுக்கப்புறம்தான் பக்கத்துல உக்காந்திருக்கிற செல்லக்கிளி அக்கா என் மணிக்கட்டு மேல அவங்க உள்ளங்கையை வெச்சாங்க. வளையல் மேலயே, அழுத்தமா. இன்னும் எடுக்கலை. மீன் கூடை தூக்கித் தூக்கிக் காச்சுப்போன கை, எவ்வளவு சோப்பு போட்டாலும் போவாத வாடை. அந்தக் கை எதுக்குன்னு எனக்குத் தெரியும். வாயத் தொறந்துடாத டீச்சர்னு அர்த்தம். எனக்கும் அவங்களுக்கும் மட்டும் தெரிஞ்ச ஒரு விஷயத்தை அந்தக் கை மூடி வெச்சிருக்கு.

"ரெண்டே நாளு!" மாமா மைக்கைத் தட்டறாரு. "கேட்டுக்குங்க எல்லாரும். முதலுதவி அறையில அந்தப் பெட்டியை யாரைக் கேட்டு மாட்டினாங்களோ, ஆஸ்பத்திரிக்காரங்க மாட்டிட்டாங்க. ரெண்டே நாள்ல காலி. நம்ம புள்ளைங்க படிக்கிறதுக்கு வருதா, எதுக்கு வருது? நெனச்சா உடம்பு கூசுது." ஆமாம், காலியாச்சு. ஐப்பசி மழையில ஒரு வியாழக்கிழமை சுகாதார நிலையத்துலேருந்து நர்ஸ் தவமணி சிஸ்டர் வந்து, தபால் பெட்டி அளவுல ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிட்டுப் போனாங்க. சனிக்கிழமை பாத்தா உள்ள ஒண்ணுமில்லை. அன்னிக்கு ஸ்டாஃப் ரூம்ல யாரும் டீ குடிக்கலை. எனக்குமே பக்குன்னுதான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. பன்னெண்டாம் வகுப்புக்குள்ள போயி ஒவ்வொரு மூஞ்சியா பாத்தேன். நீயா, நீயா, பூனைமீசை அரும்பின நீயா, எண்ணெய் வழிய முன் பெஞ்சுல உக்காந்திருக்கிற நீயா. அத்தனையும் பச்சப் புள்ளை மூஞ்சி. பாடம் நடத்த முடியாம சுவாச மண்டலத்தைப் படிங்கன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். பெட்டியைக் கழட்டி ஹெச்.எம். பீரோவுல வெச்சுப் பூட்டினாங்க. மறுபடி மாட்டணுமா, திருப்பி அனுப்பணுமான்னு முடிவு பண்ணத்தான் இந்தக் கூட்டம்.

பாடத்துல இருக்குய்யா. எழுந்து நின்னு கத்தலாம் போல இருக்கு. பன்னெண்டாம் வகுப்பு விலங்கியல்ல இனப்பெருக்க நலம்னு ஒரு பாடமே இருக்கு. கருத்தடை முறைகளை விவரின்னு கேள்வி கேட்டா எழுதணும், எழுதினா மார்க்கு. ஆணுறைன்னு விடைத்தாள்ல எழுதினா நல்ல புள்ளை, அதே ஆணுறையைப் பெட்டியில வெச்சா ஊரு கெட்டுப்போயிடும். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் அந்தப் பாடத்தை வீட்ல படிச்சுக்குங்கன்னு தள்ளிவிட்டுடுவாங்க. நான் தள்ளலை. இந்தப் பசங்க பதினொண்ணு முடிக்கறதுக்கு முன்னாடியே, போன தை மாசம் நடத்தினேன். பசங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டானுங்க, பொண்ணுங்க ரிப்பன் முனையைக் கடிச்சாங்க, ஜன்னலுக்கு வெளியில பி.டி. சார் விசில் அடிக்கிறதை நிறுத்திட்டுக் காது குடுத்தாரு. நடத்தி முடிச்சுத் தேர்வு வெச்சேன். அந்தக் கேள்விக்கு முழு மார்க்கு வாங்கினது ஒரே ஒரு புள்ளை, யோகலட்சுமி. அடிக்கோடு போட்டு, படம் வரைஞ்சு, ஒரு முறைகூட விடாம எழுதியிருந்தா. நர்ஸாகணும்னு சொல்லிக்கிட்டிருந்த புள்ளை. செல்லக்கிளி அக்காவோட ஒரே மக. எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு அவளுக்கு. தெரிஞ்சு? இந்த ஊர்ல மெடிக்கல் கடை இருக்கிறதே ஒண்ணு, அது அவ பெரியப்பா கடை. அங்க போயி என்னன்னு கேப்பா, பெரியப்பா எனக்கு அது ஒண்ணு குடுங்கன்னா? அவகூடப் பழகினானே, அந்தப் பையன்தான் கேக்கணும். அவன் கேட்டா சாயங்காலத்துக்குள்ள அவங்க அப்பன் காதுக்குப் போயிடும், பெல்ட்டு பிஞ்சிடும். பாடத்தை நடத்திட்டேன்னு பெருமையா வீட்டுக்குப் போனேனே, அந்த முழு மார்க்கை நெனச்சா நெஞ்சு எரியுது. எலுமிச்சை சாதமும் எரியுது.

ஸ்கேன் சென்டர்ல தண்ணி குடிச்சிட்டு இருங்கன்னு சொல்லியிருந்தாங்க. டவுன்ல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மாடியில. எனக்கு அது அஞ்சாம் மாசம். பாட்டிலும் கையுமா பெஞ்சுல உக்காந்திருக்கேன், எதிர் பெஞ்சுல துப்பட்டாவைத் தலையில போட்டுக்கிட்டு ஒரு புள்ளை, அதுவும் பாட்டிலும் கையுமா. குடிக்க முடியாமக் குடிக்குது. நிமிந்து பாத்துட்டு, பழக்கதோஷம், எழுந்து நின்னு "வணக்கம் டீச்சர்"னுச்சு.  யோகலட்சுமி. பள்ளிக்கூடத்துக்கு வரலையே, காய்ச்சலோன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்த யோகலட்சுமி. உள்ளேருந்து கூப்பிட்டாங்க, வயசு எத்தனைன்னு கேட்டாங்க, கூட வந்திருந்த செல்லக்கிளி அக்கா என் கண்ணைப் பாத்துக்கிட்டே "பத்தொம்பது"ன்னாங்க. அப்புறம் அவளை உள்ள அனுப்பிட்டு என் பக்கத்துல வந்து உக்காந்து, இதே மணிக்கட்டைப் பிடிச்சாங்க. "வெடியறதுக்கு முன்ன கூடையைத் தூக்கிக்கிட்டுப் போயிடறேன் டீச்சர். பொழுது சாஞ்சுதான் வர்றேன். புள்ளை மொகத்தை வெளிச்சத்துல பாத்தே எத்தினியோ நாளாச்சு. அஞ்சு மாசம் எனக்குத் தெரியலையே டீச்சர். நானும் ஒரு தாயா?" அழலை. அழாமச் சொன்னாங்க, அதான் தாங்க முடியலை. "ஊருக்குள்ள ஒரு வார்த்தை விட்டுடாதீங்க, நாங்க ரெண்டு பேரும் கடல்லதான் எறங்கணும்." விடலை. இவர்கிட்டகூட, கட்டின புருஷன்கிட்டகூட சொல்லலை. யோகலட்சுமி திருப்பூர்ல சித்தி வீட்ல இருக்கா, அங்க கம்பெனியில வேலைக்குச் சேந்துட்டான்னு ஊருக்குச் செய்தி. அந்தப் பையன் இன்னும் என் வகுப்புல இருக்கான். பேர் கூப்பிட்டா உள்ளேன் அம்மாங்கறான். இந்த வருஷம் மாவட்டக் கபடிக்கு வேற போறான். அவன் மேல எனக்குக் கோவம் வருது, அப்புறம் அவன் நோட்டுல நகத்தைக் கடிச்சுத் துப்பிக்கிட்டு உக்காந்திருக்கிறதைப் பாத்தா கோவம் தங்க மாட்டேங்குது. அவனுக்கும் பயம்தான். அவன் பயத்துக்குப் பள்ளிக்கூடம் வர முடியுது, அவ பயத்துக்கு முடியலை.

சிரிப்புச் சத்தம். தூங்கிட்டேனா? யாரோ எழுந்து நிக்கறாங்க. கோவிந்தராசு. மாமாவோட படகுல ஓட்டுநர், ஒன்பதாவது படிக்கிற பையனோட அப்பா. ஆறடி ஆளு, தோள்ல கெடந்த துண்டை எடுத்து முறுக்கிக்கிட்டு நிக்கறாரு. "அண்ணே, கோவப்படாதீங்க. அந்தப் பெட்டியில இருந்தது... பசங்க எங்களுக்குத்தான் எடுத்தாந்தானுங்க." மாமா எட்டிப் பாக்கறாரு. "உங்களுக்கா? உங்களுக்கு எதுக்குடா?" "செல்லுக்குண்ணே." கோவிந்தராசு சட்டைப் பையிலேருந்து போனை எடுத்துக் காட்டறாரு, வெள்ளையா பளபளன்னு அது மேல மாட்டி, வாயில முடிச்சுப் போட்டிருக்கு. "மழையில கடல்ல நனைஞ்சுபோயி மாசத்துக்கு ஒரு போன் போவுதுண்ணே. இதை மாட்டிட்டா சொட்டுத் தண்ணி போவாது. மேலயே தடவிப் பேசலாம். ஒரு பையன் கண்டுபிடிச்சான், எல்லாப் பசங்களும் அவனவன் அப்பனுக்கு ரெண்டு ரெண்டா எடுத்துக்கிட்டு வந்துட்டானுங்க." அடக்கடவுளே. பொம்பளைங்க முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டாங்க. ஹெச்.எம். மேடம் குனிஞ்சு எதையோ தேடற மாதிரி மேசைக்கு அடியில போயிட்டாங்க. எனக்கு இது முன்னாடியே தெரியும். எங்க வீட்டுக்காரர் கடல்லேருந்து வந்த அன்னிக்கு ராத்திரி சட்டையைத் துவைக்க எடுத்தேன், பைக்குள்ள போன் அடிச்சுது, எடுத்தா வழுக்குது. "என்னங்க இது?"ன்னேன். "ஏய், அது தண்ணி போவாம இருக்க"ன்னு இந்த மனுஷன் கூச்சத்துல செவந்துபோனாரு, கட்டிக்கிட்டு மூணு வருஷத்துல அப்படி அவர் செவந்து நான் பாத்ததே இல்லை. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். சிரிச்சு முடிச்சுப் படுத்தப்புறம் எனக்குத் தூக்கம் வரலை. செல்போன் நனையக் கூடாதுன்னா எல்லா அப்பனும் கை நீட்டி வாங்கிப் பையில வெச்சுக்கறான், ஒருத்தனுக்கும் கூச்சமில்லை. புள்ளைக்குன்னா மட்டும் கண்றாவி ஆயிடுது.

மாமா சிரிக்கலை. எல்லாரும் அடங்கற வரைக்கும் காத்திருந்தாரு. அப்புறம் மைக்கை விட்டுட்டு, சும்மா வீட்ல பேசற குரல்ல பேசறாரு. அந்தக் குரல்தான் என்னைக் கொல்லும். "சரிப்பா. போனுக்குத்தான் எடுத்தானுங்க, எனக்குச் சந்தோஷம், என் மேலயே எனக்கு வெக்கமா இருக்கு. அப்போ நம்ம புள்ளைங்க நல்ல புள்ளைங்கதானே? நல்ல புள்ளைங்க இருக்கிற எடத்துல அதை எதுக்கு மாட்டணும்? பெரியவங்க நாமளே மாட்டினா, போய்யா பரவாயில்லைன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடாதா? ஒரு அப்பனா கேக்கறேன்." எல்லாரும் தலையாட்டறாங்க. எனக்கே தலையாடிடும் போல இருக்கு. தப்பாச் சொல்லலையே மனுஷன். உள்ள இருக்கிற நீ பொண்ணா இருந்து, இதே பள்ளிக்கூடத்துல, சுனாமிக்குப் பிறகு கட்டின இதே கட்டடத்துல படிக்க வந்து, ஒரு நாள் உன் பையில நான் அதைப் பாத்தா? மங்கையர்க்கரசி டீச்சர் அப்போ என்ன செய்வாங்க? பாடம் நடத்துவாங்களா, பளார்னு ஒண்ணு விடுவாங்களா? பளார்தான். சத்தியமா பளார்தான். அப்புறம் உக்காந்து அழுவேன். அழுது முடிச்சு, அப்பாடா, இதையாவது வெச்சிருந்தியேன்னு நெனப்பேனோ? தெரியலை. எங்கம்மா அப்படித்தான் எனக்கு ஒண்ணு விட்டாங்க. சின்ன வயசுல, நர்ஸ் வெச்சுட்டுப் போன பொட்டலத்தைப் பிரிச்சு ஊதி, வெள்ளை பலூன்னு தெருவுல பறக்கவிட்டேன். அது பலூன் இல்லடி சனியனேன்னு அடிச்சாங்க. இல்லேன்னுதான் சொன்னாங்க, என்னன்னு கல்யாணம் ஆவற வரைக்கும் சொல்லவே இல்லை. ஃபேன் சுத்துது. வெள்ளை வெள்ளையா பலூனுங்க கடல் மேல போவுது, எல்லாத்துக்குள்ளயும் ஒரு போன் இருக்கு, எல்லாப் போனும் அடிக்குது, யாரும் எடுக்கலை. தண்ணிக்கு அடியில யோகலட்சுமி பாட்டிலும் கையுமா உக்காந்திருக்கா. எடுடி, உனக்குத்தான் போன் வருதுங்கறேன். டீச்சர், மேல முடிச்சுப் போட்டிருக்கு, அவுக்க வரலைங்கறா. என் வளையல் ஒண்ணுகூடச் சத்தம் போட மாட்டேங்குது.

மணிக்கட்டுல கை அழுத்தினதுல முழிச்சுக்கிட்டேன். தவமணி சிஸ்டர் நின்னுக்கிட்டிருக்காங்க. ஒல்லியா, வெள்ளைச் சேலையில. "ஐயா, நல்ல புள்ளைங்களுக்கும் நடந்துடுதுங்க. எங்ககிட்ட வரும்போது எல்லாம் முடிஞ்சுபோயி வருதுங்க. பாடம் சொல்லிக்குடுத்தாச்சு, சரி, அதுக்கப்புறம் அதுங்க எங்க போவும்? அதுக்குத்தான் கேக்கறோம்." மாமா மரியாதையாத்தான் கேக்கறாரு. "சிஸ்டர், வேற ஊர்க் கதை வேண்டாம். இந்தப் பள்ளிக்கூடத்துல அப்படி நடந்திருக்கா? ஒண்ணு, ஒரே ஒரு புள்ளை? காட்டுங்க, இப்பவே என் கையால அந்தப் பெட்டியை நானே மாட்டறேன். வைத்திலிங்கம் சொன்ன வார்த்தை மாற மாட்டேன்." சிஸ்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு பேரு. அஞ்சு எழுத்தோ ஆறு எழுத்தோ, நாக்கு நுனியில நிக்குது. அதைச் சொன்னா பெட்டி வந்துடும். அதைச் சொன்னா செல்லக்கிளி அக்கா நாளைக்கு மீன் கூடையைத் தூக்கிக்கிட்டுத் தெருவுல நடக்க முடியாது, இன்னிக்கு இங்க சிரிச்ச அதே பொம்பளைங்க கதவைச் சாத்துவாங்க.  அந்தக் கை என் வளையலை நெரிக்குது. உடைச்சுடாதீங்கக்கா. நான் சொல்ல மாட்டேன். செத்தாலும் சொல்ல மாட்டேன்.

வளைகாப்பு அன்னிக்கு இந்தக் கை எனக்கு வளையல் போடலை. ஹால் நெறைய பொம்பளைங்க, ஒவ்வொருத்தரா வந்து சந்தனம் பூசி வளையல் மாட்டி ஆரத்தி எடுத்தாங்க, மாமா வாசல்ல நின்னு ஐஸ்கிரீம் எல்லாருக்கும் வந்துச்சான்னு கேட்டுக்கிட்டிருந்தாரு. செல்லக்கிளி அக்கா கடைசியில வந்தாங்க, தூண் ஓரமா நின்னாங்க. வாங்கக்கா, போடுங்கன்னேன். "என் கையில வேண்டாம் டீச்சர்"னு பின்னால நகந்துட்டாங்க. வந்தவங்க எல்லாரும் தட்டுலேருந்து ஆளுக்குக் கொஞ்சம் வளையல் எடுத்துக் கையில போட்டுக்கிட்டுப் போறது வழக்கம். எல்லாரும் போனப்புறம் அக்கா தட்டுக்கிட்ட போயி, இருக்கிறதை எல்லாம் கிளறி, எங்க மாமியார்கிட்ட மெதுவாக் கேட்டாங்க, "அண்ணி, இதுல சின்ன சைசு இருக்குமா?" மாமியார் சிரிச்சாங்க. "உன் கைக்குச் சின்ன சைசா? விரலைத் தாண்டாது செல்லக்கிளி!" அக்காவும் சிரிச்சுட்டு, ஒரு கைப்பிடி பச்சை வளையலைத் தாள்ல சுத்தி இடுப்புல செருகிக்கிட்டுப் போயிட்டாங்க. நானும்கூடச் சிரிச்சேன். ராத்திரி படுத்தப்புறம்தான் பொட்டுல அடிச்ச மாதிரி ஒறைச்சுது. அந்த வளையல் யாரு கைக்குன்னு. அன்னிக்கு அழுத அழுகை, இவர் பயந்துபோயி டாக்டருக்குப் போன் பண்ணப் போயிட்டாரு. திருப்பூர்ல எந்தச் சந்துலயோ, கதவைச் சாத்திக்கிட்டு, எனக்கு நடக்கிற அதே மாசம் நடக்குது அவளுக்கு. தலையணை குடுக்க அவளுக்கு ஒரு மாமா இல்லை. அந்தப் பச்சை வளையலை யாரு மாட்டிவிட்டாங்க, இல்லே அவளே மாட்டிக்கிட்டாளா, சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுடுமேன்னு கழட்டி வெச்சுட்டாளா. இதைக் கேக்க எனக்குத் தைரியம் வரலை.

மழை பிடிச்சிடுச்சு. பக்கத்து சைக்கிள் தகரக் கொட்டகை மேல கொட்டற சத்தத்துல ஹெச்.எம். மேடம் கத்திப் பேச வேண்டியிருக்கு. "சரிங்க, கை தூக்கி முடிவு பண்ணிடலாம். பெட்டி வேண்டாம்கிறவங்க தூக்குங்க." தூக்கறாங்க. எத்தனை கை. கோவிந்தராசு கையும் தூக்கியாச்சு, சட்டைப் பையில அந்தப் போன் வெள்ளையாத் தெரியுது. மாமா கையைத் தூக்கிக்கிட்டே என்னைப் பாக்கறாரு. கோவமாப் பாக்கலை, அவ்வளவு நம்பிக்கையாப் பாக்கறாரு, அதுக்கு ரெண்டு அடி அடிச்சிருக்கலாம். ஹெச்.எம். மேடமும் பாக்கறாங்க. லீவுல போற நேரத்துல வம்பு எதுக்கும்மான்னு காலையிலயே சொன்னாங்க. தூக்கிடட்டுமா? வேண்டாம்னே தூக்கிட்டா இன்னிக்கு ராத்திரி நிம்மதியாச் சாப்பிடலாம். என் கை அசையலை, செல்லக்கிளி அக்கா பிடிச்சிருக்காங்க. அவங்களும் தூக்கலை. தூக்குங்கக்கா, தூக்கலேன்னா சந்தேகப்படுவாங்க, பிடிச்ச கையை விட்டுட்டுத் தூக்குங்களேன். "சரி, இறக்கிடுங்க. வேணும்கிறவங்க?" மேடம் அதைக் கேள்வியாவே கேக்கலை, மைக்கை மூடப் போறாங்க. இப்போ தூக்கணும். இப்போ தூக்கலேன்னா இனிமே இல்லை, நான் லீவுல போயிடுவேன், பெட்டி ஆஸ்பத்திரி ஜீப்புல திரும்பிப் போயிடும், அடுத்த வருஷம் அந்தப் பாடத்தை நடத்தி இன்னொரு புள்ளைக்கு முழு மார்க்குப் போடுவேன். கை வர மாட்டேங்குது. அக்கா, விடுங்க. ஒரு பேரும் சொல்ல மாட்டேன், கை மட்டும்தான், விடுங்கக்கா. விடலை. அந்தக் கை என் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடிக்குது, பிடிச்சு, மேல போவுது. என் கையோட சேந்து மேல போவுது. மடியிலேருந்து, வயித்தைத் தாண்டி, தலைக்கு மேல. அடுக்கி வெச்ச வளையல் அத்தனையும் முழங்கைக்குச் சரிஞ்சு விழற சத்தம், மழையை மீறிக் கேக்குது. உள்ள அது துள்ளுது.

எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. என்னைப் பாக்கறாங்க, அப்புறம் என் கையைப் பிடிச்சிருக்கிற கையைப் பாக்கறாங்க, அப்புறம் யாரும் என்னைப் பாக்கலை. முன் வரிசையில ஒரு பொம்பளை பக்கத்துல இருக்கிறவ காதுல என்னமோ கேக்கறா. திருப்பூர்னு உதடு அசையுது. கோவிந்தராசு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. மாமா எழுந்துட்டாரு. அவர் மூஞ்சியில கோவம் வரலை, பயம்தான் வந்திருக்கு, எனக்கு அது புதுசு. "மங்கை, கையை இறக்கும்மா. வளையல் உடைஞ்சிடப் போவுது." செல்லக்கிளி அக்கா எழுந்து நிக்கறாங்க, என் கையை விடாம. நானும் கூடவே எழுந்திருக்க வேண்டியதாயிடுச்சு, தலையணை கீழ விழுந்துடுச்சு. "உடைஞ்சா வேற போட்டுக்கலாம்ணே," அக்கா சொல்றாங்க, மீன் வெலை சொல்ற அதே குரல்ல. "வளையல்தானே."  மாமா அவங்களையே பாத்துக்கிட்டு, மேடம் கையில இருந்த மைக்கை வாங்கி மேசை மேல வெச்சாரு. யாரும் எண்ண வரலை. செல்லக்கிளி அக்கா என் கையை இன்னும் இறக்கலை.